கம்பி விடத் தெரிந்தவர்களுக்கு பைப் விடத் தெரியாதா?

அண்ணனூர் ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கட்டி முடித்த வீடுகளின் மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தூண் கம்பிகள். "பின்னாடி பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எழுப்பணும்ல" என்று விட்டு வைத்தவை. பையன் பெங்களூரில் வேலை கிடைத்து அங்கேயே ஃபிளாட்டும் வாங்கியிருப்பான். கம்பி மட்டும் பத்து வருடமாக மழையில் நனைந்து துருவேறிக்கொண்டிருக்கும். இதை யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. "முன்யோசனை உள்ள மனுஷன்" என்றுதான் தெருவில் பேர்.

அதே வீட்டுக்காரரிடம், "சோலாருக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணி வச்சீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் இதுதான்: "அப்புறம் பாத்துக்கலாம்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வார்த்தைக்கு எதிரானது.

சோலார் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க வந்த கட்டுரை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லா வீட்டுக்கும் பேனல் லாபம் என்று சொல்கிறவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், இல்லை கமிஷன் வாங்குகிறவர். விஷயம் என்னவென்றால், புது வீடு கட்டும்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பேனல் வாங்குவதா, வேண்டாமா? இது முதல் கேள்வி. பேனல் வந்தால் உட்கார மாடியைத் தயாராகக் கட்டுவதா, வேண்டாமா? இது இரண்டாவது. முதல் கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். இரண்டாவதுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "இப்ப பேனல் வேணாம்" என்பதையே "இப்ப எதுவும் வேணாம்" என்று ஆக்கிவிடுகிறார்கள். தப்பு நடக்கும் இடம் அதுதான்.

முதல் கோஷ்டி: "நூறு யூனிட் ஃப்ரீயா வருதே!"

2016 மே மாதம் மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்று ஜெயலலிதா கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் சோலார் பேச்சை எடுத்தாலே முதலில் குறுக்கே வந்து நிற்பது இந்த நூறு யூனிட்தான். "கவர்மெண்டே சும்மா கொடுக்குது, இதுல லட்ச ரூபா போட்டு எதுக்கு சார் பேனல்?"

இந்தக் கோஷ்டியைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிப் பேர் விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி!

2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு. அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, மோட்டார், கோடையில் மட்டும் கொஞ்சம் ஏசி என்று 400 யூனிட்டில் ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு பில் 1,175 ரூபாய். வருடத்துக்கு ஆறு பில். மொத்தம் 7,050 ரூபாய்.

இந்தக் குடும்பத்தின் தலையில் 3 கிலோவாட் பேனலைக் கட்டினால் என்ன ஆகும்? மானியம் போக ஒன்றேகால் லட்சம் கைக்காசு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டிருந்தால் வருடத்துக்கு 8,750 ரூபாய். பேனலால் மிச்சமாவது அதிகபட்சம் 7,050. பேங்கில் போட்ட அசல் அப்படியே இருக்கும். பேனலோ வருடா வருடம் தேயும். பி.காம் முதல் வருடப் பாடத்தில் வரும் வாய்ப்புச் செலவும் தேய்மானமும் தெரிந்த யாரும் இந்த டீலில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஆகவே 400 யூனிட் குடும்பத்துக்கு 3 கிலோவாட் விற்பவர் செய்வது சேவை இல்லை. அதைத் தெரிந்தே செய்தால் அதற்கு வேறு பெயர்.

அந்த ஐநூற்றி ஒன்றாவது யூனிட்

கணக்கு தலைகீழாக மாறும் ஒரு இடம் உண்டு. அது 500-க்கும் 501-க்கும் நடுவில் இருக்கிறது.

500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல்! காரணம், 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101-லிருந்து 200 வரையிலான சலுகை விலை பறிபோய்விடுகிறது. அதற்கு மேல் 600 வரை யூனிட் 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கும் மேல் 11 ரூபாய் 55 காசு.

இப்போது வேறொரு குடும்பம். தாத்தா, பாட்டி, இரண்டு ஏசி, வாஷிங் மெஷின், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள். சராசரியாக இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். பில் 5,820 ரூபாய். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700. நெட் மீட்டர் முறையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 200 யூனிட். பில் 235 ரூபாய். ஒரு பில்லுக்கு 5,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மேகமூட்டம், தூசு, பராமரிப்பு, இதர கட்டணங்கள் என்று தாராளமாகக் கழித்து வருடத்துக்கு 28,000 என்று வைத்தாலும் போட்ட ஒன்றேகால் லட்சம் நாலரை வருடத்தில் திரும்பி வந்துவிடும். பேனலின் ஆயுளோ 25 வருடம். நடுவில் ஒரு தடவையாவது இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரும். அதையும் சேர்த்தாலும் இவ்வளவு வருமானம் தரும் டெபாசிட் எந்த பேங்கிலும் கிடையாது.

ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே பேனல். ஒரு வீட்டுக்கு நஷ்டம், பக்கத்து வீட்டுக்கு ஜாக்பாட். வித்தியாசம் மீட்டரில் ஓடும் யூனிட்டில் இருக்கிறது. அப்படியானால் "சோலார் நல்லதா கெட்டதா" என்ற பட்டிமன்றமே அர்த்தமில்லாதது.

இரண்டாவது கோஷ்டி: "ஜீரோ பில் சார்!"

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயங்கள்தான்.

ஆனால் மானியம் 3 கிலோவாட்டில் உச்சத்தைத் தொடுகிறது என்பதாலேயே விற்பனைக்காரர்கள் வாயில் எல்லா வீட்டுக்கும் 3 கிலோவாட் என்று ஆகிவிட்டது. பழைய பில்லைக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு முன்பே கொட்டேஷன் வந்துவிடுகிறது. உடம்பைப் பார்க்காமல் சட்டை தைக்கும் டெய்லர் மாதிரி.

இந்தக் கோஷ்டி சொல்லாமல் விடும் இன்னொரு மேட்டர் உண்டு. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் சென்னையைச் சுற்றி எத்தனையோ பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கும் முன்னால், 2012-ல் வெளி மாவட்டங்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் தவித்தது தமிழ்நாட்டுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அதனால் சோலார் என்றதும் பலர் மனதில் வருவது, "கரண்ட் போனா நம்ம வீட்ல மட்டும் லைட் எரியும்" என்ற சந்தோஷம். பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைக்கும் சாதாரண சோலாரில் அது நடக்கவே நடக்காது. கரண்ட் போனதும் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். இல்லையென்றால் மாடியிலிருந்து லைனுக்குள் பாயும் மின்சாரம் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு வேறு, கணக்கு வேறு. இதை வாயைத் திறந்து சொல்லாமல் "ஜீரோ பில்" நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது?

மூன்று மீட்டர் வீடு

அண்ணனூர், திருமுல்லைவாயல், அயப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவர்களில் பலர் தனக்கு ஒரு தளம், வாடகைக்கு ஒரு தளம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். வீட்டுக் கடன் தவணையில் ஒரு பகுதியை வாடகை தூக்கிக்கொள்ளும். தளத்துக்குத் தளம் தனி மீட்டர்.

இங்கே கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். மூன்று மீட்டர், ஒவ்வொன்றிலும் 250 யூனிட் என்றால் ஒரு பில் 470 ரூபாய், மூன்றும் சேர்ந்து 1,410. அதே 750 யூனிட்டும் ஒரே மீட்டரில் ஓடினால் 4,297 ரூபாய். முதல் வகை வீட்டில் பேனல் போட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. இரண்டாவது வகையில் நிறைய இருக்கிறது. அதுவும் போக, பேனல் இணைவது ஒரு இணைப்போடுதான். வாடகைக்காரர் மீட்டரோடு இணைத்தால் காசு போட்டவர் ஓனர், பலன் அனுபவிப்பவர் குடித்தனக்காரர். எந்த ஓனர் அவ்வளவு நல்லவர்?

அபார்ட்மெண்ட் என்றால் இன்னொரு கதை. 2022 செப்டம்பரில் பொது மீட்டருக்கு, அதாவது மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஓடும் மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்து வீட்டுக்கு உட்பட்ட சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-ல் அது குறைக்கப்பட்டது. பொது மீட்டருக்கு அந்த நூறு யூனிட் இலவசமும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசு. லிஃப்ட் உள்ள அபார்ட்மெண்டில் மாடி எல்லோருக்கும் பொது, மோட்டாரும் பொது, பில்லும் பொது. சோலாரை முதலில் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். மத்திய திட்டத்திலும் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மெயின்டனன்ஸ் மீட்டிங்கில் பார்க்கிங் சண்டை முடிந்தால்தானே அடுத்த பேச்சு!

புது வீட்டுக்காரருக்குத் தெரியாத ஒரு எண்

இவ்வளவும் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: "சரிப்பா, புதுசா வீடு கட்றவங்க பேனல் போடலாமா, வேணாமா?"

அதற்கு அவர் வீட்டில் எத்தனை யூனிட் ஓடும் என்று தெரிய வேண்டும். புது வீட்டுக்காரருக்குத் தெரியாத ஒரே எண் அதுதான்! வாடகை வீட்டில் 300 யூனிட்டில் ஓட்டிய குடும்பம் சொந்த வீட்டுக்கு வந்ததும் ரூமுக்கு ஒரு ஏசி மாட்டும். கேஸ் விலைக்குப் பயந்து இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தால் முழு சார்ஜுக்கு மூன்று, நான்கு யூனிட். அல்லது மகளுக்குக் கல்யாணமாகி, மகன் வெளியூர் போய், 300 என்பது 200 ஆனாலும் ஆகலாம். கிரகப்பிரவேசத்தன்று இதை யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே பேனலைப் பொறுத்தவரை காத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை. குடிபோய் ஒரு வருடம் ஆறு பில் வரட்டும். ஆறையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம். 500-ஐத் தாண்டும் பில்கள் எத்தனை, எவ்வளவு தாண்டுகிறது என்று பார்த்தால் எத்தனை கிலோவாட் வேண்டும், வேண்டுமா என்பதே தெரிந்துவிடும். விலையும் ஓடிப் போய்விடாது. 2010-ல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கிய காலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவுக்கு நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது.

மானியம் அப்படியில்லை. 2024-ல் அறிவித்தபோது மத்திய திட்டத்துக்கு வைத்த கெடு 2026-27 நிதியாண்டு. அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேனலுக்குக் காத்திருக்கலாம். கான்கிரீட் காத்திருக்குமா?

கன்னி மூலை

பேனலுக்கு வேண்டியது வெயில், அதுவும் நிழல் விழாத வெயில். சென்னை இருப்பது வட அட்சரேகை 13 டிகிரியில். தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்த பேனலுக்குத்தான் வருடம் முழுவதும் நல்ல வெளிச்சம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி என்பது பழைய பொதுக் கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி.

இப்போது நம் ஊர் மொட்டை மாடியைப் பாருங்கள். வாஸ்துப்படி தண்ணீர் டேங்க் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். பல வீடுகளில் மாடிப்படி அறையும் அதே பக்கம்தான். அதற்கு மேல் டேங்க், அதற்கு மேல் டிஷ் ஆன்டெனா. தெற்கே உயரமாக ஒரு சுவர் எழும்பி நின்றால் மதியத்துக்கு மேல் அதன் நிழல் மாடியின் நடுவில் விழும். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்தவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையே பாதிக்கும். தோட்டத்துக் குழாயை ஒரு இடத்தில் மிதித்தால் மொத்தத் தண்ணீரும் குறைவது மாதிரி.

வாஸ்துவோடு சண்டை போட இது இடம் இல்லை. டேங்க் கன்னி மூலையிலேயே இருக்கட்டும். அதை ஓரமாக ஒதுக்கி, மாடிப்படி அறையை வேறு பக்கம் தள்ளி, தெற்கில் முடிந்த அளவு திறந்த இடம் விட முடியுமா என்று பிளான் போடும் அன்று இன்ஜினியரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். பேப்பரில் கோட்டை நகர்த்தப் பைசா செலவில்லை. கட்டின பிறகு மாடிப்படியை நகர்த்த எந்த மேஸ்திரியாலும் முடியாது.

அடுத்த மனையில் நாளைக்கே மூன்று மாடி எழும்பி மொத்த வெயிலையும் மறைத்தால்? அது நிஜமான ஆபத்துதான். தெற்குப் பக்கம் காலி மனை இருந்தால் அதையும் யோசித்துத்தான் பேனல் வாங்க வேண்டும். பேனலைப் பிறகு வாங்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைப் என்ன விலை?

சரி, "மாடியைத் தயாராகக் கட்டுவது" என்றால் என்னதான் செய்ய வேண்டும்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

1. மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை சுவருக்குள் தனியாக ஒரு பைப். எலெக்ட்ரிகல் வேலை நடக்கும் அன்றே போட்டு, இரண்டு முனையையும் மூடி வைத்தால் போதும்.

2. மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டருக்கும் இன்னொரு மீட்டருக்கும் சுவரில் காலி இடம். வெயிலும் மழையும் அடிக்காத இடமாக.

3. எர்த் குழிகளுக்கு இடம். வழக்கமாக டி.சி. பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று தோண்டுவார்கள். சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய பிறகு தோண்டுவது கொடுமை.

4. பேனல் தாங்கியின் கால்கள் நிற்கத் தளத்தில் சின்னச் சின்ன கான்கிரீட் மேடைகள். இது முக்கியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் என்ன செய்தது என்று தெரியும். காற்று அடியில் புகுந்தால் பேனல் பட்டம் மாதிரி பறக்கும். உறுதியாகப் பிடிக்க வேண்டும். சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்து முடித்த தளத்தில் பிறகு ட்ரில் போட்டால் அடுத்த ஐப்பசியில் பெட்ரூம் சீலிங்கில் ஈரம் தெரியும்.

5. புது இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே எத்தனை கிலோவாட் லோடு கேட்பது என்ற யோசனை. போடும் சோலார், வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவுதான். சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் கட்டுமானத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஆவது சில ஆயிரங்கள். எலிவேஷனுக்கு ஒட்டும் அலங்காரக் கல்லின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. பின்னால் வேண்டுமானால் வாங்கும் உரிமைக்கு இப்போது சின்னதாக ஒரு பிரீமியம் கட்டி வைப்பது. வேண்டாம் என்றால் போவது அந்த பிரீமியம் மட்டும்தான். மாடியில் நீட்டி நிற்கும் கம்பியும் அதேதான். வராத மாடிக்குக் கட்டிய பிரீமியம். அந்தக் கம்பிக்குப் பணம் தர யோசிக்காதவர், அதைவிடக் குறைந்த செலவில் முடியும் பைப்புக்கு மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பது என்ன நியாயம்?

ஏழை வீட்டுக்கு உள்ள யோசனை

2011-ல் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. முதலமைச்சரின் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு, ஒவ்வொன்றுக்கும் சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள். ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய 1 லட்சத்து 80 ஆயிரத்தில் 30,000 ரூபாய் இந்த விளக்குகளுக்கு. திட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வீட்டையும் வெயிலையும் ஒரே பிளானில் வைத்து யோசித்திருந்தார்கள். 300 சதுர அடி வீட்டுக்கு அந்த யோசனை வந்தது. லட்சம் லட்சமாகக் கடன் வாங்கிக் கட்டும் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு வரவில்லை!

மழைநீர் சேகரிப்பையும் நினைத்துப் பார்க்கலாம். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது ஏற்கனவே கட்டி முடித்தவர்கள் முற்றத்தைக் கொத்தி, தரையை உடைத்து அலைந்தார்கள். கெடு முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று பேருக்கு ஒரு பைப்பை மாட்டி, குழியே இல்லாமல் விட்டவர்களும் உண்டு. இன்று புது வீட்டில் அது பிளானிலேயே வந்துவிடுகிறது. யாருக்கும் பாரமாகத் தெரிவதில்லை. முதலில் யோசித்தால் ஒரு கோடு, பிறகு யோசித்தால் ஒரு கடப்பாரை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சோலாருக்கு மட்டும் அரசாங்கம் வந்து கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

கடைசியாக ஒன்று

"கரண்ட் பில் இப்ப கம்மியாத்தானே இருக்கு" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அதற்கடுத்த ஜூலைகளில் விலைவாசியைப் பொறுத்து 6 சதவீதத்துக்கு மிகாமல் 2026-27 வரை உயர்த்திக்கொள்ளவும் வழி செய்து வைத்தது. சில வருடம் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் ஏறியது. இனி தேர்தலுக்குத் தேர்தல் இலவச யூனிட் கூடலாம், நடுவில் கட்டணமும் கூடலாம். இருபது வருடத்துக்கு ஈ.பி. பில் எப்படிப் போகும் என்று அடித்துச் சொல்ல ஆள் கிடையாது.

வீட்டுக் கடன் மட்டும் இருபது வருடத்துக்குக் கையெழுத்தாகிவிடுகிறது. கடன் முடியும்போது அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட் தாண்டியிருக்கும். சம்பளம் நின்ற பிறகும் நிற்காத சில செலவுகளில் ஒன்று கரண்ட் பில். வயதான காலத்தில் மே மாத வெயிலில் ஏசியைப் போடுவதா, ஐநூற்றி ஒன்றாவது யூனிட்டுக்குப் பயந்து வியர்வையில் படுப்பதா என்று அவர்கள் யோசிக்கக் கூடாது. அந்த நாளில் பேனல் வேண்டும் என்று தோன்றினால் சுவரை உடைக்காமல், சீலிங் ஒழுகாமல், ஒரே நாளில் மாட்ட முடிய வேண்டும். அதற்கான ஏற்பாடு இன்றைக்கு சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம்.

வீடு கட்டும் குடும்பத்தில் பிள்ளைகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தால், டைல்ஸ் கலருக்கு மட்டும் அபிப்பிராயம் சொல்லாமல் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். எலெக்ட்ரீஷியன் சுவரைக் காடி வெட்டும் நாள் எது என்று கேட்டுக்கொண்டு அன்றைக்குக் காலையிலேயே சொல்ல வேண்டும். சாயங்காலம் பூச்சுக்காரர் வந்துவிடுவார்.